குழந்தை மேதை வளர்ந்த பிறகு: திசை தவறிய இசைக்கலைஞனை நாவலாக எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

ஒன்பது வயதுப் பையன் ஒருவன் தோடி ராகம் பாடுகிறான். அரங்கமே எழுந்து நிற்கிறது. பின்வரிசையில் ஒரு பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விட்டகுறை தொட்டகுறை, போன ஜன்மத்தில் பாடியதை இப்போது தொடருகிறான்" என்கிறாள். இருபது ஆண்டுகள் கழித்து அதே பையன் அதே தோடியை இன்னும் சுத்தமாக, இன்னும் ஆழமாகப் பாடுகிறான். முன்வரிசையில் ஒருவர் மெதுவாக எழுந்து கேன்டீன் பக்கம் போகிறார்.

இந்த இரண்டு கச்சேரிகளுக்கும் நடுவே பாட்டு கெட்டுப்போகவில்லை. ஞானம் குறையவில்லை. அவனுக்கு வயது கூடிவிட்டது, அவ்வளவுதான். அவனைப் பார்த்து ஊர் வியந்ததில் பாதி பாட்டுக்காக. மீதிப் பாதி, கால் தரையில் எட்டாத ஒரு குழந்தை அதைப் பாடியதற்காக. அந்த இரண்டாவது பாதி ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். நாவல் அங்கேதான் தொடங்குகிறது.

இந்த விஷயத்தை எழுதப் புகுபவர்கள் பெரும்பாலும் ஒரு வீழ்ச்சிக் கதையைத்தான் எழுதுகிறார்கள்: உச்சியில் இருந்தான், குடித்தான், விழுந்தான், மீண்டான். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. இந்த மனிதனுக்கு நடந்தது வேறு. "உனக்குப் பாட்டு வேண்டுமா?" என்று அவனிடம் யாரும் கேட்டதில்லை. விவரம் தெரிவதற்கு முன்பே பாட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. எனவே அவன் திசை தவறியவன் என்று சொல்வதுகூட அரை உண்மைதான். திசையை அவன் ஒருபோதும் தேர்ந்தெடுத்ததே இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ள படிகளைப் படியுங்கள்.

முதல் படி: எதை இழந்தான் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"புகழை இழந்தான்" என்று எழுதினால் அது எந்த நடிகனுக்கும் விளையாட்டு வீரனுக்கும் பொருந்தும். உங்கள் ஆளுக்கு மட்டும் பொருந்தும் வாக்கியம் கிடைக்கும்வரை ஓர் அத்தியாயமும் எழுதாதீர்கள். உண்மையில் வாழ்ந்தவர்களைப் பார்த்தால், ஒவ்வொருவரும் இழந்தது வெவ்வேறு என்பது தெரியும்.

புல்லாங்குழல் டி. ஆர். மகாலிங்கம், ரசிகர்களுக்கு மாலி, 1926இல் திருவிடைமருதூரில் பிறந்தவர். ஏழு வயதில் மயிலாப்பூரில் மேடை ஏறினார். வாய்ப்பாட்டின் கமகங்களை, அதாவது ஸ்வரங்களின் அசைவுகளை, குழலில் கொண்டுவந்து, அதுவரை இருந்த வாசிப்பு முறையையே மாற்றியவர். கச்சேரிக்கு வராமல் போவதும், பாதியில் எழுந்து போவதும் அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதைகள். ஆனால் அவர் வாசிப்பை இழந்தவர் அல்ல. மேடை என்ற ஏற்பாட்டோடுதான் அவருக்கு ஒத்துப்போகவில்லை. 1986இல் இறக்கும்வரை அவருக்காகக் காத்திருந்த ரசிகர்கள் இருந்தார்கள்.

பியானோ கலைஞர் எர்வின் நிரெஜ்ஹாசி 1903இல் புடாபெஸ்டில் பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோதே கேஸா ரேவேஸ் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் அவரைக் கவனித்து ஆராய்ந்து 1916இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். பின்னாளில் நிரெஜ்ஹாசி லாஸ் ஏஞ்சலிஸில் வறுமையில், சொந்தமாக ஒரு பியானோகூட இல்லாமல் பல ஆண்டுகள் வாழ்ந்தார். பத்து முறை மணம் செய்துகொண்டார். 1973இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தேவாலயத்தில் அவர் வாசித்ததைக் கூட்டத்தில் இருந்த ஒருவர் ஒலிப்பதிவு செய்ய, உலகம் அவரை மறுபடி கண்டுபிடித்தது. இவர் இழந்தது வாழ்க்கையை நடத்தும் சாமர்த்தியத்தை. அதைக் கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் அவர் அரங்குகளில் இருந்தார்.

ரூத் ஸ்லென்சின்ஸ்கா 1925இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். தந்தை தினமும் ஒன்பது மணி நேரம் பியானோ முன் உட்கார வைத்தார், தவறினால் அடித்தார். பதினைந்து வயதில் மேடையை விட்டுவிட்டுக் கல்லூரியில் உளவியல் படிக்கப் போனார். பிறகு தாமாகவே திரும்பி வந்தார். 2022இல், 97 வயதில், அவருடைய புதிய ஒலிப்பதிவு வெளிவந்தது. அவர் இழந்தது குழந்தைப் பருவத்தை. இசையை ஒருமுறை விட்டுவிட்டு, அதன் பிறகே அதைத் தேர்ந்தெடுத்தார்.

இப்போது உங்கள் வாக்கியத்தை எழுதுங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் இது: ஒரு பையன், வாய்ப்பாட்டு, ஒன்பது வயதில் பெயர் பெற்றவன், இப்போது வயது 29. அவனுக்கான வாக்கியம்: "தன்னுடையது என்று நினைத்த குரல் தன்னுடையதாக இருந்ததே இல்லை என்று தெரிந்துகொண்டவன்."

இரண்டாம் படி: வாத்தியத்தைத் தேர்ந்தெடுங்கள், உடம்போடு சேர்த்து

வீணையா, வயலினா, குழலா என்பது அலங்காரத்துக்காகச் செய்யும் தேர்வு அல்ல. ஒவ்வொன்றும் வளரும் உடம்போடு ஒரு தனிக் கணக்கு வைத்திருக்கிறது. சின்ன வயலினிலிருந்து பெரிய வயலினுக்கு மாறும்போது விரல் போய் நிற்க வேண்டிய இடமெல்லாம் தள்ளிப்போகும். குழலில் துளைகளுக்கு நடுவே உள்ள தூரம் சின்ன விரல்களுக்கு எட்டாது.

வாய்ப்பாட்டுப் பையனுக்கு வருவது எல்லாவற்றையும்விடக் கொடியது. மகரக்கட்டு. ஐந்து கட்டைச் சுருதியில் (கட்டை என்பது பாடகனின் ஆதாரச் சுருதி எவ்வளவு உயரம் என்பதன் அளவு) துள்ளிக்கொண்டிருந்த குரல் பதின்மூன்று, பதினான்கு வயதில் உடைகிறது. மேல் ஷட்ஜத்துக்குப் போனால் பிசிறடிக்கிறது; கீழே வந்தால் காற்றுதான் வருகிறது. பிறகு ஒன்று, ஒன்றரைக் கட்டையில் வேறொரு மனிதனின் குரல் வந்து சேர்கிறது. சில வித்வான்கள் இந்தக் காலத்தில் பையனைப் பாடவே விடமாட்டார்கள். வாயை மூடிக்கொண்டு கேள் என்பார்கள். வேறு சில வீடுகளில் ஒப்புக்கொண்ட கச்சேரிகள் காலண்டரில் எழுதியிருக்கும்.

இந்த மாதங்களை எழுதும்போது பொறுமையாக இருங்கள். ஒரே வரியில் "குரல் உடைந்தது" என்று கடந்துபோகிறவர்கள் தங்கள் நாவலின் இதயத்தைக் கடந்துபோகிறார்கள். சுருதிப் பெட்டியைத் தந்தை அரைக் கட்டை குறைத்து வைக்கும் ஒரு காலை நேரம் போதும். இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அடுத்த வாரம் இன்னும் அரைக் கட்டை.

உடம்பைப் பற்றி இன்னொன்று. குழந்தை எப்படிச் செய்கிறது என்று அதற்கே தெரியாது; கேட்டதை அப்படியே பாடிவிடும். வளர்ந்த பிறகுதான் "இதை நான் எப்படிச் செய்கிறேன்?" என்ற கேள்வி வரும். வயலின் மேதை யெகூதி மெனுஹினுக்குச் சிறுவனாக இருந்தபோது இயல்பாக வந்த வாசிப்பு, பெரியவரானபின் கைகொடுக்காமல் தடுமாறியது. வில்லைப் பிடிப்பதிலிருந்து எல்லாவற்றையும் அவர் மறுபடி யோசிக்க வேண்டியிருந்தது. 1952இல் பம்பாயில் பி. கே. எஸ். ஐயங்காரைச் சந்தித்து யோகாசனம் கற்றுக்கொண்டதற்கும் இந்தத் தேடலில் பங்கு உண்டு. நடந்துகொண்டிருப்பவன் திடீரென்று தன் காலைப் பற்றி யோசித்தால் தடுக்கிவிடும் அல்லவா, அந்தத் தடுக்கலை உங்கள் நாயகனுக்குக் கொடுங்கள்.

மூன்றாம் படி: வீட்டுக் கணக்கைப் போடுங்கள்

யார் சம்பாதித்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத குழந்தை மேதை நாவல் எதுவும் நிற்காது. 1887இல் பதினோரு வயது ஜோசப் ஹாஃப்மன் அமெரிக்காவில் அடுத்தடுத்துப் பியானோ கச்சேரிகள் செய்தபோது, குழந்தைகள் மீதான கொடுமையைத் தடுக்கும் சங்கம் தலையிட்டது. ஒரு செல்வந்தர் ஐம்பதாயிரம் டாலர் தர முன்வந்தார். பதினெட்டு வயதுவரை பையன் மேடை ஏறக் கூடாது என்பது நிபந்தனை. அந்தத் தொகையை நினைத்துப் பாருங்கள். ஒரு குழந்தையைக் குழந்தையாக இருக்கவிடுவதற்கு அவ்வளவு விலை.

நம் ஊர் வீடுகளில் கணக்கு சின்னது, ஆனால் அதே கணக்குதான். தந்தை வேலையை விட்டாரா? தங்கையின் படிப்புச் செலவு எங்கிருந்து வந்தது? கச்சேரிப் பணம் யார் கையில் கொடுக்கப்பட்டது? ஒரு பயிற்சி சொல்கிறேன்: நாவலைத் தொடங்குமுன் தந்தையின் கணக்கு நோட்டில் இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். தேதி, சபா, சன்மானம், ரயில் செலவு, பக்கவாத்தியக்காரர்களுக்குக் கொடுத்தது, பையனுக்கு வாங்கிய ஜிப்பா. இந்தப் பக்கங்கள் நாவலில் வராமலே போகலாம். ஆனால் தந்தையை வில்லனாக்கும் சோம்பலிலிருந்து அவை உங்களைக் காப்பாற்றும். பெரும்பாலான தந்தைகள் வில்லன்கள் அல்லர். தாங்கள் கற்க விரும்பிக் கற்க முடியாமல் போன ஒன்று மகனிடம் தானாக வழிவதைப் பார்த்துத் திகைத்தவர்கள். அந்தத் திகைப்பில் அவர்கள் மகனைப் பார்க்க மறந்தார்கள்.

நான்காம் படி: ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

நம் உதாரணப் பையன் 1989இல் பிறந்தவன் என்று வைத்துக்கொள்வோம். 1998இல் ஒன்பது வயது: கேசட் காலம். அவன் பாட்டு ஒலிநாடாவாக வந்திருக்கும். அட்டையில் பட்டு ஜிப்பாவும் விபூதியும் பெரிய கண்களும் இருக்கும். 2018இல் 29 வயது: யாரோ அந்தப் பழைய ஒளிப்பதிவை இணையத்தில் ஏற்றியிருப்பார்கள். அவன் சென்ற ஆண்டு பாடியதைப் பார்த்தவர்களைவிட அதைப் பார்த்தவர்கள் பல மடங்கு. வேறு யுகத்தில் வைத்து எழுதினால் இந்தக் காட்சி கிடைக்காது. ஒரு மனிதன் தன் ஒன்பது வயதோடு தினமும் போட்டி போட வேண்டியிருப்பது இந்தத் தலைமுறைக்கே உரிய துன்பம்.

அமைப்புகளையும் சரியாக அறிந்துகொள்ளுங்கள். 1927இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டை ஒட்டிய இசை விழாவிலிருந்து பிறந்து, 1928இல் தொடங்கப்பட்டது மியூசிக் அகாடமி. மார்கழி சீசனில் சபாக்கள் நேரத்தை வைத்தே மரியாதையைச் சொல்லிவிடும்: மதியம் இலவசக் கச்சேரி, வளர்ந்து வருபவர்களுக்கு; மாலை டிக்கெட் கச்சேரி, பெரியவர்களுக்கு. ஆகாசவாணியில் பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரப் படிகள் உண்டு. குழந்தையாக மாலைக் கச்சேரி செய்தவனுக்கு, 29 வயதில் மதியம் ஒன்றரை மணிக்கு நேரம் கொடுக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும். விவரம் தெரிந்த வாசகனுக்கு வயிற்றில் ஏதோ செய்யும். தெரியாத வாசகனுக்கு அதைப் புரியவைக்க, வெயிலையும் பாதி காலியான நாற்காலிகளையும் காட்டுங்கள்.

ஐந்தாம் படி: சுற்றியுள்ளவர்கள்

மூன்று பேர் போதும் என்பது என் கருத்து.

குரு ஒருவர். அவரைப் பற்றி யோசிக்க ஒரு வழி தருகிறேன். வராளி ராகத்தைக் குரு நேருக்கு நேர் சீடனுக்குச் சொல்லிக்கொடுத்தால் இருவருக்கும் நடுவே பகை வரும் என்ற நம்பிக்கை கர்நாடக இசையில் உண்டு. தியாகராஜரின் பஞ்சரத்தினம் எனப்படும் ஐந்து கீர்த்தனைகளில் நான்காவதே வராளியில் இருப்பதால், அதைக் கேட்டுத்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பார்கள். உங்கள் குரு இந்த நம்பிக்கையை மதித்தாரா, மீறினாரா? அவசரப்பட்ட தந்தை கேட்டுக்கொண்டதால் சொல்லிக்கொடுத்தாரா? ஒரு பெரிய சண்டையைவிட இந்தச் சின்னக் கேள்வி அதிகம் சொல்லும்.

வயதான மிருதங்கக்காரர் ஒருவர். குழந்தைக்குப் பெரிய வித்வான்கள் பக்கவாத்தியம் வாசித்து ஆசீர்வதிப்பது நம் மேடையின் அழகான வழக்கம். ஆனால் அவர் எத்தனை இடத்தில் தாளத்தைத் தாங்கிப் பிடித்துக் குழந்தையைக் காப்பாற்றினார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அவர் அதை எப்போது சொல்கிறார் என்பது நாவலின் ஒரு திருப்பம். சொல்லாமலே இறந்துவிட்டால் அது இன்னொரு நாவல்.

தங்கை ஒருத்தி. அண்ணன் பாடிய வீட்டில் யாரும் கவனிக்காமல் வளர்ந்தவள். அவளுக்கும் எல்லாப் பாட்டும் தெரியும், கேள்வி ஞானத்திலேயே. அவளைத் தியாகி ஆக்காதீர்கள். கோபம் உள்ளவளாக எழுதுங்கள்.

நாயகனுக்குப் பதில் நாயகியை வைத்து எழுதுகிறீர்கள் என்றால் மகரக்கட்டு இல்லை. அந்த இடத்தில் கல்யாணப் பேச்சு வரும். "மாப்பிள்ளை வீட்டில் பாடவிடுவார்களா?" என்ற கேள்வியைத் தாய் கேட்கிறாளா, தந்தையா, அல்லது அவளே கேட்டுக்கொள்கிறாளா என்பதிலிருந்து எல்லாம் கிளைக்கும்.

ஆறாம் படி: திசையற்ற நாட்களை நிகழ்ச்சிகளாக்குங்கள்

பெரும்பாலான கையெழுத்துப் படிகள் இங்கேதான் படுத்துவிடுகின்றன. நாயகன் ஜன்னலைப் பார்க்கிறான், கடற்கரைக்குப் போகிறான், தாடி வளர்க்கிறான், பழையதை நினைக்கிறான். வாசகன் புத்தகத்தை மூடிவைக்கிறான்.

திசை இல்லாதவனும் காலையில் எழுந்து ஏதோ செய்துகொண்டுதான் இருக்கிறான். அதைக் கண்டுபிடியுங்கள். நம் ஆள் அதிகாலை ஐந்து மணிக்கு நியூ ஜெர்சியில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கணினித் திரையில் ஜண்டை வரிசை என்ற ஆரம்பப் பாடம் சொல்லிக்கொடுக்கிறான். அங்கே மாலை நேரம். பகலில் ஒரு கல்யாண மண்டபத்து ஒலியமைப்பாளரோடு சுற்றுகிறான், ஏனென்றால் மைக்கின் முன்னால் உட்காருவதைவிடப் பின்னால் நிற்பது அவனுக்கு நிம்மதி. இசைப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டால் போகிறான். எட்டு வயதுக் குழந்தை ஒன்று அபாரமாகப் பாடும்போது மதிப்பெண் தாளில் அவன் பேனா அசைய மறுக்கிறது.

அந்தக் குழந்தைக் காட்சியில் எச்சரிக்கை வேண்டும். "புதிய குழந்தையைச் சீடனாக ஏற்று, அதன் மூலம் தன்னை மீட்டெடுத்தான்" என்ற பாதை அங்கே அகலமாகத் திறந்திருக்கும். போகாதீர்கள். இன்னொரு குழந்தையின் தோளில் தன் பாரத்தை இறக்கிவைப்பது அவன் தந்தை செய்த அதே காரியம். அவன் முதல் பரிசு கொடுக்கிறானா, வேண்டுமென்றே இரண்டாம் பரிசு கொடுக்கிறானா? இரண்டாம் பரிசு அன்பா, பொறாமையா? அவனுக்கே தெரியாமல் இருக்கட்டும். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அதை யோசித்துக்கொண்டே தன் நிறுத்தத்தைத் தவறவிடட்டும்.

நடுப்பகுதிக்கு ஓர் ஒழுங்கு வேண்டுமென்றால் ஒவ்வொரு அத்தியாயத்திலும் யாராவது ஒருவர் அவனை அடையாளம் கண்டுகொள்ளட்டும். "அந்தப் பையனா நீ? இவ்வளவு வளர்ந்துவிட்டாயா!" இந்த வாக்கியம் முதலில் அவனுக்குப் பெருமை, பிறகு கூச்சம், பிறகு எரிச்சல். கடைசியாக ஒருமுறை, அடையாளம் காண வேண்டியவர் காணாமல் கடந்துபோகிறார். அப்போது அவனுக்கு வருவது என்ன என்பதை எழுதும்போது நீங்கள் அவனை முழுதாக அறிந்திருப்பீர்கள்.

பழைய நாட்களைக் காட்டும் பகுதிகளை அளந்து கொடுங்கள். மொத்த நாவலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குழந்தைப் பருவம் வேண்டாம் என்பேன். அந்த வியப்பில் வாசகனும் மயங்கிவிடுவான். பிறகு 29 வயது மனிதன் அவனுக்கும் சலிப்பாகத் தெரிவான்.

ஏழாம் படி: இசையை எழுதுங்கள், இசையைப் புகழாதீர்கள்

"தேனாய் இனித்தது", "கந்தர்வ கானம்", "மெய்மறந்தனர்" ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி மேஜைக்கு மேல் ஒட்டிவையுங்கள். அவை நாவலில் வரக் கூடாதவை.

இசையை எழுத மூன்று கைப்பிடிகள் உண்டு. ஒன்று உடம்பு: வயிற்றில் மூச்சு எங்கே பிடிக்கிறது, தொடையில் தாளம் போடும் கை எப்போது வலிக்கிறது. இரண்டு, பிழை: கல்பனாஸ்வரத்தில், அதாவது மேடையிலேயே கற்பனையாக ஸ்வரம் கோத்துப் பாடும்போது, கணக்கு அரை அட்சரம் இடறினால் வயலின்காரர் தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் தூக்குவது. மூன்று, ராகத்தின் குணம். தோடியின் காந்தாரம், அதாவது 'க' ஸ்வரம், ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டேதான் உயிரோடிருக்கும். ஒன்பது வயதில் அந்த அசைவை அவன் குருவிடமிருந்து பிரதி எடுத்தான். 29 வயதில் அதே அசைவை எவ்வளவு பெரிதாக, எவ்வளவு மெதுவாக வைப்பது என்று அவனே முடிவு செய்ய வேண்டும். அவனுடைய பிரச்சினை முழுவதும் அந்த ஒற்றை ஸ்வரத்துக்குள் இருக்கிறது.

இங்கே பாடாந்தரத்துக்கும் மனோதர்மத்துக்கும் உள்ள வேறுபாட்டை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கற்ற பாடத்தை அதன் சங்கதிகளோடு சுத்தமாகச் சொல்வது பாடாந்தரம். ராகத்தை விரிக்கும் ஆலாபனையிலும், ஒரே வரியைப் பலவிதமாகப் பாடும் நிரவலிலும் அந்த நேரத்தில் தோன்றுவதைப் பாடுவது மனோதர்மம். குழந்தை மேதை முதலாவதில் யாரையும் வெல்வான். இரண்டாவதிலும் கேட்டதைக் கலந்து கொடுத்து வியக்கவைப்பான். ஆனால் ஒரு வயதுக்குமேல் ரசிகன் "நீ யார்?" என்று கேட்கிறான். அதற்குப் பதில் சொல்ல ஒரு வாழ்க்கை வேண்டும். அந்த வாழ்க்கையைச் சேர்க்க வேண்டிய ஆண்டுகளில் அவன் பிறர் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான்.

முழுக் கச்சேரியை நாவலில் ஒருமுறைக்கு மேல் எழுதாதீர்கள். வர்ணம் முதல் மங்களம் வரை வரிசையாகப் போனால் அது விமரிசனக் குறிப்பாகிவிடும். மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் நடக்கும்போது பாடகன் என்ன செய்கிறான் என்று எழுதுங்கள்: அவன் தாளம் மட்டும் போட்டுக்கொண்டு சும்மா இருக்கும் ஒரே நேரம் அதுதான்.

எட்டாம் படி: முடிவு

மூன்று முடிவுகள் உங்களைத் தேடி வரும். ஆரவாரமான மறுபிரவேசக் கச்சேரி. சாவு. இசையை அடியோடு விட்டுவிட்டு நிம்மதியான வேறொரு தொழில். மூன்றும் மேடையை மையமாக வைத்தவை. அவன் யார் என்பதை இன்னும் அரங்கம்தான் முடிவு செய்கிறது.

நான் எழுதினால் இப்படி முடிப்பேன். மார்கழி முடிந்துவிட்டது. தை மாதத்து ஒரு காலை. வீட்டில் யாரும் இல்லை. அவன் சுருதிப் பெட்டியைப் போடுகிறான். கட்டையை யாரும் அவனுக்காகத் தேர்ந்தெடுத்து வைக்கவில்லை. கொஞ்சம் ஏற்றிப் பார்க்கிறான், இறக்கிப் பார்க்கிறான், ஒன்றே காலில் நிறுத்துகிறான். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, எல்லோரும் கற்கும் முதல் பாடம்; முதல் காலம், அதாவது மெதுவான வேகம். நான்கு வயதில் ஒரே வாரத்தில் முடித்துவிட்டான் என்று தந்தை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்ட பாடம். இம்முறை அவனுக்கு அவசரம் இல்லை. தங்கை வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கிறது. உள்ளே வந்தவள் நின்று கேட்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய்ப் பால் காய்ச்சுகிறாள். அவனும் நிறுத்தவில்லை.

எழுதி முடித்த பிறகு கையெழுத்துப் படியை இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் மேடையில் பாடுகிற அல்லது வாசிக்கிறவராக இருக்கட்டும். கட்டை, ராகம், தாளம், சபா நேரம் எல்லாவற்றிலும் உங்கள் பிழைகளை அவர் பென்சிலால் குறிப்பார். மற்றவர் இசையே தெரியாதவராக இருக்கட்டும். அவர் எந்தப் பக்கத்தில் வேகமாகப் புரட்டினார் என்று கேட்டு, அந்தப் பக்கத்திலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.